அகலமான காலுக்கு ஒரு ஜோடி

வாசற்படியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கவிழ்த்தபோது முதலில் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு ஜல்லித் துண்டு விழுந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். ஒரு பக்கம் உடைந்து கூராக இருந்தது. ஸ்ரீராமன் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு காலுறையைக் கழற்றினான். சுண்டுவிரலுக்குக் கீழே துணி சிவந்து, அந்தச் சிவப்பு மழைத் தண்ணீரில் பரவியிருந்தது.

காலையில் பூண்டி ஏரிக்கரை வழியாக நாற்பத்தாறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தான். சைக்கிளை விட்டு இறங்கி நடந்தது ஒரே இடத்தில்தான். கரை சரிந்து, சரிவை அடைக்க ஜல்லி கொட்டியிருந்த இடம். அங்கிருந்து வீட்டுக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். அத்தனை தூரமும் கல் அவன் காலுக்கும் ஷூவுக்கும் நடுவில் இருந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவில்லை.

காய்ப்பு, என்று சொல்லிக்கொண்டான். சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஆறு மாதமாக அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

திருவள்ளூரில் அவன் குடும்பத்து ஆண்களுக்குப் பெருமாளை ஏளப்பண்ணும் கைங்கரியம். புறப்பாட்டின்போது உற்சவரைத் தோளில் சுமந்து மாட வீதிகளைச் சுற்றி வருவதை அப்படித்தான் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரே நடை, எல்லோருக்கும் வெறுங்கால். மற்ற நாட்களில் ஸ்ரீராமன் தேர்வாய் கண்டிகையில், கார்களுக்கு ரப்பர் உதிரிகள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகன். இரும்பு மூக்கு வைத்த ஷூவில் எட்டு மணி நேரம் நிற்பவன். உற்சவ நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுப்பான்.

இந்த வருடம் சித்திரை உற்சவத்தில் ஒருநாள் பகல் புறப்பாடு தாமதமாகி, பதினொன்றரை மணிக்கு நடுவீதியில் நிற்கும்படி ஆனது. தார் இளகிக் கிடந்தது. மற்றவர்கள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீராமன் மட்டும் அசையாமல் நின்றான். தண்டுக்காரர்களுக்கெல்லாம் மூத்தவரான சடகோபன் மாமா அதைப் பார்த்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயதிலும் தோளில் தண்டு வைப்பவர். சூடு பொறுக்காதவர்களை அவர் விட்டுவைப்பதில்லை.

"இவன் காலப் பாருங்கோடா," என்றார். "ஆத்துக் கூடத்துல நிக்கற மாதிரின்னா நிக்கறான். இதுக்குப் பேர்தான் காய்ப்பு. நீங்கள்ளாம் பஞ்சு மெத்தையில பொறந்தவா."

அங்கேயே தீர்மானமாகிவிட்டது. தை உற்சவத்திலிருந்து முன் தண்டின் வலது முனை ஸ்ரீராமனுக்கு. அந்த இடத்தில் நிற்பவன் எடுக்கும் அடியைத்தான் பின்னால் இருப்பவர்கள் எடுப்பார்கள். அவன் அப்பா பதினெட்டு வருடம் நின்ற இடம் அது. அப்பாவுக்குப் பிறகு அவன் பின் தண்டிலேயே இருந்து காத்திருந்தான்.

அன்று சாயங்காலம் குளிக்கும்போது உள்ளங்காலில் இரண்டு கொப்புளங்களைப் பார்த்தான். காய்ப்பேறிய காலில் கொப்புளம் வருமா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கம்பெனியில் வருடாந்திரப் பரிசோதனை முடிந்து கொடுத்த தாளும் வீட்டில் இருந்தது. சர்க்கரை என்ற வரிக்கு எதிரே ஓர் எண்ணும் அதைச் சுற்றிப் பேனாவில் ஒரு வட்டமும். அதை நான்காக மடித்து அலமாரியில் ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்திருந்தான். அதன் பிறகு அந்தப் புத்தகத்தை அவன் எடுத்துப் படிக்கவில்லை.

காலுறையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டான். மறுநாள் மடிக்கும்போது அவன் மனைவி ஸ்ரீவாணி அது என்ன கறை என்று கேட்டாள். செம்மண் என்றான்.

"செம்மண் சோப்புக்குப் போயிடும்னா. இது போகலையே."

அவன் சைக்கிளைத் துடைக்க வெளியே போனான். அவள் அந்தக் காலுறையை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் தனியாக ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அவன் கண்ணில் பட்டது.

கல் விஷயத்தைத் தணிகைவேலிடம் மட்டும் சொன்னான். அதிலும் ரத்தத்தை விட்டுவிட்டான். தணிகைவேல் அவனோடு ஒரே ஷிப்டில் இருப்பவன். பொன்னேரிக்குப் பக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பம். ஸ்ரீராமனைச் சைக்கிளுக்கு இழுத்தவன் அவன்தான். மழைக்காலம் முடிவதற்குள் பள்ளிப்பட்டுப் பக்கம் போய்வர வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அங்கே குவாரிச் சாலைகளும் ஆற்றுத் தரைப்பாலங்களும் உண்டு. தப்பு ஷூவில்தான் என்பது தணிகைவேலின் முடிவு. ஓடுவதற்கான ஷூவைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டினால், மேலே இருக்கும் வலைத்துணி தண்ணீரையும் குடிக்கும், கல்லையும் விடும், ஈரத்தில் பெடலும் வழுக்கும்.

"கிளீட் வச்ச ஷூ வாங்கு சாமி. அடியில கீற கொக்கி பெடல்ல டக்குனு மாட்டிக்கும், வழுக்காது. கீழ ரப்பர் கட்ட இருக்கும், எறங்கி நடக்கவும் செய்லாம். அம்பத்தூர்ல நம்ம பையன் ஒத்தன் கட வச்சிகினு கீறான். போய் காலக் குடு, அவன் பாத்துப்பான்."

காலைக் கொடு என்ற சொல் ஸ்ரீராமனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை மதியம் மின்சார ரயிலில் போனான். காலில் செருப்பு. வழியெல்லாம் குனிந்து குனிந்து செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவனுக்கு நினைவில்லை.

கடைக்காரன் பெயர் பார்த்திபன். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவன். எந்த மாதிரிப் பாதை, எவ்வளவு நேரம், இறங்கி நடப்பது உண்டா என்று கேட்டுக்கொண்டான். பிறகு மூன்று ஜோடிகளைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். முதலாவது தண்ணீரே புகாதது. ஆனால் தரைப்பாலத்தில் கணுக்கால் வரை இறங்கினால் மேல்வழியாகப் புகும் தண்ணீர் வெளியே போகாது, நாள் முழுக்கக் கால் ஊறும் என்றான். இரண்டாவது மெல்லியது, பக்கங்களில் தண்ணீர் வடியத் துளை உண்டு, சீக்கிரம் காயும். லேசுக்குப் பதிலாக ஒரு திருகு. திருகத் திருகக் கம்பி இழுத்து இறுக்கும். மூன்றாவதும் வடிகிற ஜாதிதான். ஆனால் முன்பக்கம் அகலம். அடிப்பக்கம் தட்டை, கிளீட் கிடையாது. தடித்த ரப்பர், சாதாரணப் பெடலில் ஒட்டி நிற்கும்.

பார்த்திபன் இரண்டாவதின் உள்ளே இருந்த மெத்தைத் தகட்டை எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னான். ஸ்ரீராமனின் சுண்டுவிரலும் பக்கத்துச் சதையும் தகட்டுக்கு வெளியே தரையில் கிடந்தன.

"செருப்பே போடாத காலு மாதிரி விரிஞ்சிகீது சார்," என்றான் பார்த்திபன். "நாப்பத்திரெண்டு நீளம் சரியாகீது. அகலத்துக்கு நாப்பத்திநாலு போவணும்."

ஸ்ரீராமன் இரண்டையும் போட்டுப் பார்த்தான். நாற்பத்திநான்கில் இடது கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பஞ்சு மூட்டைக்குள் விட்டது போல இருந்தது. நாற்பத்திரண்டில் திருகை முழுக்க இறுக்கியபோது ஏதோ ஒன்று காலைப் பிடித்தது. தூரத்தில் யாரோ கையைப் பிடிப்பது போல. அது போதும் என்று தோன்றியது. இதுதான் சரியாக இருக்கிறது என்றான்.

பார்த்திபன் எழுந்து போகவில்லை. குனிந்தபடியே ஷூவின் மேல் ஓர் இடத்தில் விரலால் அழுத்தினான். இங்கே இடிக்கிறதா என்று கேட்டான். இல்லை. இங்கே? கொஞ்சம். இங்கே? இல்லை. நாலைந்து முறை கேட்டான். பிறகு விரலை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினான்.

"சார், நீங்க என் வெரலப் பாத்துட்டு சொல்றீங்க."

கடையில் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தொங்கவிட்டிருந்த சக்கரம் ஒன்று அந்தக் காற்றில் மெல்லச் சுழன்றது. ஸ்ரீராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்திபன் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். ஒருநாள் வீட்டிலிருந்து ஆவடி பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாராம். செருப்பு ஒன்று தெருமுனையிலேயே கழன்று கிடந்ததாம். கூப்பிட்டு யாரோ சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்ததாம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்திபன் சொல்லவில்லை.

"டாக்டர ஒரு தபா பாத்துட்டு வாங்க. நான் எடுத்து வெக்கிறேன். ஷூ எங்கியும் போவாது."

தன் கால் காய்ப்பேறிய கால் என்றான் ஸ்ரீராமன். கோயில் கைங்கரியம், வெறுங்கால், தார் ரோடு என்று தேவைக்கு மேல் விளக்கினான். தன் குரல் உயர்வது அவனுக்கே கேட்டது. பிறகு நாற்பத்திரண்டையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உள்ளங்கை வியர்த்து அட்டை நனைந்தது.

அடுத்த இரண்டு வாரமும் குளியலறையில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் காலைத் தொட்டான். தெரிந்தது. ஆனால் தெரிந்தது காலுக்கா, தொட்ட கைக்கா என்று பிரிக்க முடியவில்லை. எங்கே தொடப்போகிறோம் என்பது தனக்கு முன்னமே தெரியும்போது இது என்ன சோதனை. யாராவது தொட வேண்டும். ஸ்ரீவாணியைக் கேட்கலாம். கேட்டால் அவள் காலுறையை எடுத்து வந்து முன்னால் வைப்பாள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஒவ்வொரு நாளும் அப்படியே வந்தான்.

பள்ளிப்பட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே தூறல். தணிகைவேல் வீட்டு நெல் மூட்டை ஏற்றும் டாடா ஏஸில் இரண்டு சைக்கிளையும் திருத்தணி வரை கொண்டுபோய் அங்கிருந்து ஓட்டினார்கள். புது ஷூ, அதற்கென்று மாற்றியிருந்த பெடலில் மாட்டும்போது 'கிளிக்' என்றது. காலைத் திருகிக் கழற்றும்போது இன்னொரு கிளிக். வலது காலுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கவில்லை. இடது காலுக்கு அவன் சத்தத்தை மட்டுமே நம்பியிருந்தான். இரண்டு வாரப் பயிற்சியில் அது அவனுக்குப் பழகிவிட்டிருந்தது.

குவாரிச் சாலையில் ஜல்லியும் சேறும் கலந்து கிடந்தன. ஷூ நன்றாகத்தான் உழைத்தது. வழுக்கவில்லை, கல் நுழையவில்லை, புகுந்த தண்ணீர் வடிந்தது. ஓர் ஏற்றத்தில் தணிகைவேலை முந்திக்கூடப் போனான். ஷூ இல்ல சாமி, எஞ்சின் மாட்டிகினுகிற, என்று பின்னாலிருந்து கத்தினான் தணிகைவேல். ஸ்ரீராமன் சிரித்தான். ஒரு மணி நேரத்துக்குக் காலைப் பற்றிய நினைப்பே இல்லை.

தரைப்பாலத்தின் மேல் ஒரு சாண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையிலிருந்து ஒரு டிராக்டர் இறங்கிவந்ததால் பாதிப் பாலத்தில் நிற்க வேண்டியதாயிற்று. இடது குதிகாலை வெளிப்பக்கம் திருகினான். காதில் தண்ணீர்ச் சத்தமும் டிராக்டர் சத்தமும்தான் இருந்தன. கால் கழன்றுவிட்டது என்று நினைத்தான். ஊன்றுவதற்காக உடம்பை இடப்பக்கம் சாய்த்தான். கால் கழலவில்லை. ஊன்ற எதுவும் இல்லாமல் சைக்கிளோடு அப்படியே சாய்ந்து தண்ணீரில் விழுந்தான். விழும்போதுகூட, ஏன் விழுகிறோம் என்பது அவனுக்குப் புரியவில்லை.

ஓட்டம் அவனைப் பாலத்தின் விளிம்பை நோக்கி ஒரு முழம் தள்ளியது. தணிகைவேல் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். டிராக்டர்காரரும் இறங்கி வந்தார். கரையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. தணிகைவேல் திருகைத் தளர்த்தி இடது ஷூவைக் கழற்றினான். காலுறையையும் உரித்தான்.

சுண்டுவிரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதன் பக்கவாட்டில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் உரிந்து உள்சதை தெரிந்தது. திருகின் கம்பி படிந்த இடமெல்லாம் நீலக்கோடு. தணிகைவேல் அந்தப் புண்ணின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அழுத்திக்கொண்டே ஸ்ரீராமனின் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்கிலியா?"

"இல்லை."

"கொஞ்சங்கூடவா?"

ஸ்ரீராமன் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்த இடத்தின் மேல் தண்ணீர் எந்த அடையாளமும் இல்லாமல் ஓடியது. தை மாதம், கிழக்கு மாட வீதி, தோளில் தண்டு. முன்னால் வலது முனையில் அவன். கால் கீழே பட்டுவிட்டது என்று நினைத்து அவன் சாய்கிறான். அவன் அடியை எடுக்கும் பின்னவர்கள் எல்லோரும் சாய்கிறார்கள். மேலே பெருமாள். இத்தனை நாள் அந்த இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தான். அந்த இடத்தில் நிற்பதற்குப் பயப்பட வேண்டும் என்று இப்போதுதான் தோன்றியது. இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டான். குளிர் என்று தணிகைவேல் தன் மழைச் சட்டையைப் போர்த்தினான்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தாளைப் பிரித்து ஸ்ரீவாணியிடம் கொடுத்தான். அவள் படித்தாள். தாளின் மேலே இருந்த தேதியையும் படித்தாள். போன வருடத் தேதி. ஜன்னல் ஓரத்திலிருந்த காலுறையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு டாக்டர் என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டர் ஒரு நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். கண்ணை மூடச் சொல்லி, பட்டதும் சொல்லச் சொன்னார். வலது காலில் எட்டு முறை சொன்னான். இடது காலில் நான்கு. நரம்பு என்றார். இது காய்ப்பு இல்லையா என்று ஸ்ரீராமன் கேட்டான். காய்ப்பும் இருக்கிறது, அது தோலின் வேலை என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பும் என்று சொல்ல முடியாது. புண் ஆறும்வரை எங்கும் நடக்கக் கூடாது. ஆறிய பிறகும் வெறுங்காலோடு கூடாது. ஷூ இறுக்கமாக இருக்கக் கூடாது, போடும் முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சைக்கிள்? ஓட்டலாம், கால் பெடலில் பூட்டிக்கொள்ளாத ஷூவாக இருந்தால். தண்டு தூக்குவதைப் பற்றி அவன் கேட்கவில்லை. வெறுங்கால் கூடாது என்றதிலேயே அது முடிந்துவிட்டது.

புண் ஆற நான்கு வாரம் ஆயிற்று. ஆறியதும் அம்பத்தூருக்குப் போனான். பார்த்திபன் அவன் காலை ஒருமுறை பார்த்தான். உள்ளே போய் அந்த மூன்றாவது ஜோடியைக் கொண்டுவந்தான். நாற்பத்திநான்கு, அகலம், தட்டை அடி. பெட்டியின் மேல் பேனாவில் ஸ்ரீராமன் பெயரை எழுதி வைத்திருந்தான். இந்தத் தடவை எங்கே இடிக்கிறது, எது சரி என்று ஸ்ரீராமன் சொல்லவில்லை. பார்த்திபனே தகட்டின் மேல் நிற்க வைத்து, ஓரங்களைக் கையால் தடவிப் பார்த்து, சரி என்றான். நாற்பத்திரண்டு தணிகைவேலுக்குப் போயிற்று. உனுக்கு ஆவாதது எனுக்குக் கச்சிதமாகீது பாரு என்று அவன் சந்தோஷப்பட்டான். சந்தோஷப்படுவது போல நடித்தான் என்பதும் தெரிந்தது.

தை உற்சவத்துக்குப் பத்து நாள் இருந்தது. காலைப் புறப்பாடு எதுவும் இல்லாத ஒரு நாளில் ஸ்ரீராமன் கோயிலுக்குச் சைக்கிளில் போனான். புது ஷூவை வாசலில் கழற்றிவைத்துவிட்டு, தடித்த காலுறையோடு, கீழே பார்த்துப் பார்த்து நடந்து உள்ளே போனான். வாகன மண்டபத்தில் சடகோபன் மாமா தனியாக உட்கார்ந்து தண்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னடா, கோயிலுக்குள்ள சாக்ஸ் போட்டுண்டு வரே. ஆபீஸ்னு நெனச்சுண்டியா?"

ஸ்ரீராமன் அவர் எதிரே உட்கார்ந்தான். கல், கொப்புளம், தரைப்பாலம், நைலான் இழை எல்லாவற்றையும் சொன்னான். முன் தண்டுக்கு வேறு யாரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். சித்திரையில் தான் அசையாமல் நின்றது பொறுமையால் அல்ல, தெரியாமல்தான் என்றான்.

மாமா எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் தண்டின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தின் மேல் புறாக்கள் நகர்ந்தன. யாரோ பிராகாரத்தில் பெருக்கும் சத்தம் கிட்டே வந்து, தாண்டிப் போயிற்று. உனக்கு எத்தனை மாசமா என்று மாமா கேட்டார். எட்டொன்பது மாதம் என்றான். அவர் தலையசைத்தார். எதையோ எண்ணுவது போல அவர் உதடுகள் அசைந்தன.

பிறகு வேட்டியை முழங்கால் வரை ஒதுக்கிக்கொண்டு வலது காலை ஸ்ரீராமன் பக்கம் நீட்டினார். விரல்கள் விரிந்து, குதிகால் கருங்கல் நிறத்தில் வெடித்திருந்தது. கட்டைவிரலின் அடியில் பழைய தழும்பு ஒன்று. இளையவர்களுக்கெல்லாம் அவர் காட்டிப் பெருமைப்படும் கால் அது.

"டாக்டர் பண்ணினாரே, அது மாதிரி பண்ணு," என்றார். "நான் கண்ண மூடிக்கறேன்."

ஸ்ரீராமனிடம் நைலான் இழை இல்லை. ஆள்காட்டி விரலை நீட்டினான். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல இருந்தது. கட்டைவிரலின் நுனியில் தொட்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து விரலில் தொட்டான். பிறகு தழும்புக்கு மேலே விரலை வைத்து, கொஞ்சம் அழுத்தினான். இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

"தொடேன்டா," என்றார் மாமா. "எத்தன நாழி?"

ஸ்ரீராமன் விரலை எடுக்கவில்லை.